புதன்கிழமை நீ வர வேண்டாம்

பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் என் பிள்ளைக்கு அம்மா எழுதுவது:

புதன்கிழமை நீ வர வேண்டாம். இதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். நான் அனுப்புகிற எதையும் நீ முதல் வரிக்கு மேல் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, சளி போயிற்றா, அங்கே மழையா என்று நான் அரைப் பக்கத்துக்கு எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டுப் போகிறவன் நீ. அதனால் விஷயம் இதுதான்: வராதே. காரணம் தெரிய வேண்டுமென்றால் மேற்கொண்டு படி. இந்த ஒரு தடவை கட்டைவிரல் வேண்டாம்.

நேற்று மத்தியானம் நீ அனுப்பியதை நானும் உன் அப்பாவும் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தோம். "அம்மா, புதன்கிழமை காலைல நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்கே வந்துடறேன். எழில் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். என்னை நேர்ல பார்த்தா அவ மனசு மாறிடும்." மூன்றாவது தடவை படித்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "இன்னாம்மே, இவன் எப்பவும் பஸ்சு போன பொறவுதான் கைய காட்டுவானா?" என்றார். வாரத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர். அதில் ஒன்றை உனக்காகச் செலவழித்திருக்கிறார்.

எழிலரசி உன்னோடு ஐந்து வருஷம் பழகினாள். அதில் இரண்டு வருஷம் அந்த ஒன்பதாவது மாடியிலேயே இருந்தாள். வருகிற புதன்கிழமை பத்தரை மணிக்கு ஜெரோம் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். அவர்களுடைய விண்ணப்பத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் உன்னைப் பெற்றவள். இப்படி ஒரு வாக்கியத்தை என் கையால் எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ம்" என்பாய். உன் "ம்"மில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியும். எந்த வகையிலும் பதில் இருக்காது. அதைவிடப் பெரிய சங்கடம் என் வாய். உன் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், உடனே ஒரு கிண்டலைப் போட்டு உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன். நீ சிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக இரண்டு பேரும் போனை வைத்துவிடுவோம். இந்தக் குடும்பம் இத்தனை வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது. டைப் அடிக்கும்போது மட்டும்தான் என் வாய் மூடியிருக்கும். எனக்கு நிறைய வேலை வர வேண்டும் என்று எங்கள் சந்தில் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷினையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சேரியில் காதலித்தவர்களில் பாதிப் பேர் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். யார் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள், யார் சொல்லாமல் வந்தவர்கள், யாருடைய அப்பா தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உனக்கே தெரியும், நீ சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தது புராணத்திலிருந்து அல்ல, என் கடையிலிருந்துதான்.

அதில் ஒரு கதை உனக்கு ரொம்பப் பிடிக்கும். உன் சிநேகிதர்களுக்கெல்லாம் என்னைச் சொல்லச் சொல்லுவாய். ஒரு மாப்பிள்ளைப் பையன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போகிற நேரத்தில் எழுந்து, "ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் எழுந்து போனதே ஜெராக்ஸ் கடையிலிருந்து. திரும்பி வரவே இல்லை. இந்த இடத்தில் நான் நிறுத்துவேன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் நான் கடை மூடும் வரைக்கும் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். பிறகு விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த தன் போட்டோவை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தாள். கிழியாமல் எடுக்க வேண்டும் என்று அவ்வளவு பொறுமை. பக்கத்தில் இருந்த அவனுடைய போட்டோவையும் அதேபோலப் பெயர்த்து எடுத்து, இரண்டையும் பர்சில் வைத்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் கதைகள் எல்லாமே இப்படித்தான், தம்பி. சிரிப்பு வருகிற இடத்தில் வெட்டிவிடுவேன். மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஊர்க் கதைகளை வெட்டினதில் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக் கதைகளையும் அப்படியே வெட்டி உனக்குப் பரிமாறியதுதான் நான் செய்த தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

எழில் முதல் தடவை நம் அரியாங்குப்பம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? அப்பா வீராம்பட்டினத்துக்கே போய் மீன் வாங்கி வந்தார். அந்தப் பெண் கூடத்தில் உட்காராமல் சமையலறை வாசல்படியில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தது. எனக்குப் புதுசாக ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். ஆரம்பித்துவிட்டேன். உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தப்பாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, கேசரி சாப்பிட்டுவிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்த கதை. கல்யாணத்தன்று நான் நாலு தடவை வாந்தி எடுத்த கதை. வேலை பார்த்த மில் மூடின பிறகு அவர் தினமும் டிபன் கேரியரோடு வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து, முன்பு மில் சங்கு ஊதின நேரத்துக்குச் சரியாகச் சாப்பிட்டுவிட்டு வந்த கதை. கடைசியில் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "இன்னும் நேரம் இருக்கும்மா. பின்பக்கக் கதவு தொறந்துதான் இருக்கு, ஓடிடு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். உன் அப்பாகூடச் சிரித்தார். நீதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தாய். எழிலும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நீ எப்படிச் சிரிக்கிறாய் என்று பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுக் குழம்பு ஊற்றப் போய்விட்டேன்.

அந்த மில் கதையின் மிச்சத்தை இப்போது கேள். உனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவர் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். எனக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மில் மூடினது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாமல் இருக்குமா? பத்து நாள் பார்த்தேன். பதினோராவது நாள் கடையை மத்தியானம் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். பாறை மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கேரியரைத் திறந்து மேல் தட்டை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கும் வரைக்கும் இரண்டு மாசம், தினமும் மத்தியானம் அங்கேதான் எங்கள் சாப்பாடு. வெயில் மண்டையைப் பிளக்கும். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. அந்த இரண்டு மாசம் மாதிரி என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. இதை ஏன் உனக்குச் சொல்லவில்லை? இதில் சிரிப்பு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

நீ கேட்டு வளர்ந்தது முதல் பாதியை மட்டும். ஒரு முட்டாள் ஆணும் ஒரு வாயாடிப் பெண்ணும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள், அதற்குப் பெயர் கல்யாணம். இருபது வருஷம் சாப்பாட்டோடு சேர்த்து இதைத்தான் உனக்கு ஊட்டியிருக்கிறேன். பிறகு நீ பெங்களூரிலிருந்து, "அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா. ஆனா இனிமே இவ்ளோதான்னு நெனச்சா மூச்சு முட்டுது" என்று சொன்னபோது, இந்தப் பிள்ளைக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன் பார், அதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய நகைச்சுவை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழில் உன்னிடம் நேராகக் கேட்டாள்: உண்டா, இல்லையா? நீ எனக்குப் போன் போட்டாய். "இப்ப இருக்கிற மாதிரியே இருக்கலாம்னு சொல்றேன், ரிலேஷன்ஷிப்புக்கு எதுக்கும்மா லேபிள்?" என்றாய். நம் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கே லேபிள் ஒட்டியிருக்கும். அது இல்லாத காலத்தில் உன் அப்பா ஒரு தடவை காபியில் எதைப் போட்டார் என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு, "என்னடா அவசரம், முப்பது ஆகட்டும்" என்றேன். உனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். அம்மாவே சொல்லிவிட்டாள் என்று போய்ச் சொல்லியிருப்பாய். அவள் ஒரு மாசத்தில் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு தவளக்குப்பத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? உன் நன்மைக்காக என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. நீ கல்யாணம் செய்துகொள்ளாதவரைக்கும் சனிக்கிழமை போன் எனக்கு வரும். அதை இன்னொருத்தியோடு பங்கு போட எனக்கு மனசில்லை. இவ்வளவுதான் என் தாய்ப்பாசம், இதன் லட்சணத்தைப் பார்.

அவள் போன பிறகு நீ போனில் பெண்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை இங்கே வந்தபோது பின்னாலிருந்து பார்த்தேன். இடது பக்கம் தள்ளினால் வேண்டாம், வலது பக்கம் தள்ளினால் வேண்டுமாம். நீ அரை மணி நேரத்தில் ஒரு தெருவையே இடது பக்கம் தள்ளினாய். உன்னைச் சொல்லி என்ன பயன்? ஜவுளிக் கடையில் ஒரு அலமாரிச் சேலையையும் கீழே இறக்கவைத்துவிட்டு, "அப்புறமா வரேன்" என்று எழுந்து வருகிறவள் பெற்ற பிள்ளைதானே. ஆனால் சேலைக்கு மனசு கிடையாது.

இப்போது ஒரு மாசத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எழில் கடை வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஒரு பையன். "அத்தை, வேலையா இருக்கீங்களா?" என்றாள். இன்னும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

"உனக்கு இல்லாத நேரமா? வா, உக்காரு. இது யாரு?"

"இவரு ஜெரோம். ஃபார்ம் டைப் பண்ணணும்." ஃபைலை மேஜையில் வைத்தாள். "பக்கத்துக் கடைக்குப் போலாம்னு இவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். உங்களுக்குத் தெரியாம பண்ற மாதிரி ஆயிடும்."

என் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பையனைப் பார்த்து, "ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு வெளிய போறதா இருந்தா இப்பவே சொல்லிடுப்பா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல ஆன்ட்டி, எல்லாம் எடுத்துட்டுதான் வந்திருக்கேன்" என்று மூன்று செட்டை அடுக்கிக் காட்டினான். அவன் சொல்தா வீட்டுப் பையன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அண்ணன்கள் இரண்டு பேரும் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். இவன் மட்டும் இங்கேயே ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறான். பார்க்க உன் அளவுக்கு இல்லை. பெற்ற வாய் இதைச் சொல்லாமல் இருக்காது. காது கொஞ்சம் பெரிசு.

அடிக்க ஆரம்பித்தேன். எழிலின் பிறந்த தேதியை அவள் சொல்வதற்கு முன்பே என் விரல் அடித்துவிட்டது. இரண்டு பேரும் வேறு வேறு மதம். அதனால் விண்ணப்பம் கொடுத்த பிறகு நோட்டீஸ் பலகையில் முப்பது நாள் தொங்க வேண்டும், அதன் பிறகுதான் கல்யாணம். முப்பது நாள் உனக்குப் போதாது என்று எனக்குத் தோன்றியது. இருபது வருஷத் தொழிலில் செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். ஜெரோமின் இருப்பிடச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் எடுத்தவள், ஃபைலில் திரும்ப வைக்கவில்லை. இழுப்பறையில் பழைய கார்பன் தாள்களுக்கு அடியில் செருகிவிட்டேன். பதிவு அலுவலகக் கவுன்டரில் பார்த்துவிட்டு, சான்றிதழ் இல்லாமல் வாங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழில் வந்து கேட்டாள், "அத்தை, இங்க எங்கனா விட்டுட்டோமா?"

"இல்லியேம்மா" என்றேன்.

என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி. எனக்கு இனிமே அடுத்த வெள்ளிக்கிழமைதான் லீவு. அதுக்குள்ள தேடி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். எட்டு நாள் இருக்குடா, வந்து பேசு என்றேன். முதல் நாள் "ம்". இரண்டாம் நாள், "என்னை ஃபோர்ஸ் பண்ணாதம்மா". சனிக்கிழமை நீயாகவே கூப்பிட்டு, நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறேன் என்றாய். அப்பா மறுபடி வீராம்பட்டினம் போனார். வஞ்சிரம் வாங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், ஏதோ இவரைப் பெண் கேட்டு வருகிற மாதிரி. மத்தியானம் உன் போன் வந்தது. "அம்மா, திருவண்ணாமல வரைக்கும் வந்தேன். டீக்கு நிறுத்தினாங்க. எறங்கி டீ குடிச்சேன். எதுத்தாப்புல பெங்களூர் பஸ் நின்னுச்சு. ஏறிட்டேன்."

அதற்கு நான் என்ன கேட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "டீ நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டோம். அந்த நேரத்தில் ஒரு தாய் உன்னைத் திட்டியிருக்க வேண்டும், அல்லது அழுதிருக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் நீ அடுத்த ஊரில் இறங்கியிருப்பாயோ என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மீனை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை எழில் தனியாக வந்தாள். இனி உனக்குத் தெரியாத பகுதி. நீ வரக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நிதானமாகப் படி.

"கெடச்சுதா அத்தை?" என்றாள். நான் இழுப்பறையைத் திறந்து சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "எங்கியும் போல. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"இன்னாம்மா தெரியும்?"

"நீங்க உள்ள வெக்கும்போது பார்த்துட்டுதான் இருந்தேன்."

"பார்த்துட்டா? அப்புறம் ஏன் கேக்கல?"

அவள் அந்தத் தாளை இரண்டு கையாலும் நீவிக்கொண்டே இருந்தாள். "நீங்க அவனைக் கூப்பிடுவீங்கன்னு தெரியும். எட்டு நாள்ல ஒரு நாளாவது வருவான்னு நெனச்சேன் அத்தை. ஞாயித்துக்கிழம வீட்டை விட்டு எங்கயும் போகல."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம வரைக்கும்தானே, இருக்கேன்னாரு."

"ஒருவேள இவன் வந்திருந்தா?"

"தெரியல. வரலியே."

திருவண்ணாமலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை கேட்கிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்லாமல் அடக்கிக்கொண்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நீ பாதி வழி வந்தாய் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்றாள். "கல்யாணத்துக்கு மூணு சாட்சி வேணும் அத்தை. ஜெரோமோட அக்கா ஒருத்தங்க வர்றாங்க. வேற மதத்துல கட்டிக்கிறேன்னு எங்க வீட்ல ஒருத்தரும் வர மாட்டேன்னுட்டாங்க. நீங்களும் மாமாவும் போடுவீங்களா? முடியாதுன்னா பரவால்ல." நான் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முப்பது நாள் அந்த நோட்டீஸ் பலகையில் தொங்கியது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். நாளும் தேதியும் உனக்கும் சொல்லியிருந்தேன். முப்பது நாளும் நீ கட்டைவிரலைக் காட்டினாய். நேற்றுதான் உனக்குத் தைரியம் வந்திருக்கிறது, எல்லாம் முடியப்போகிற நேரத்தில்.

உன்னை நேரில் பார்த்தால் அவள் மனசு மாறிவிடும் என்கிறாய். மாறிவிடும் என்றுதான் நானும் பயப்படுகிறேன். உனக்கு அது ஒரு வெற்றி. கையெழுத்துப் போட வந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் பின்னால் வந்தால் என்ன செய்வாய்? ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவாய். ஒரு மாசம், இரண்டு மாசம். பிறகு உனக்கு மூச்சு முட்டும். நான் தப்பாகச் சொல்கிறேனா? உன்னைப் பத்து மாசம் சுமந்தவள் உன்னைப் பற்றி இப்படி எழுதுவது எனக்குச் சுகமாக இருக்கிறது என்று நினைக்காதே. அவள் உனக்கு ஐந்து வருஷம் கொடுத்தாள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாமல் எட்டு நாள் கொடுத்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் கேட்க உனக்கு உரிமை இல்லை, தம்பி.

பயப்படுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தன்று நான் நாலு தடவை வாந்தி எடுத்தேனே, அந்தக் கதையிலும் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. அது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த வாந்தி இல்லை. பயம். முன்பின் தெரியாத ஒருவரோடு இனிமேல் இவ்வளவுதானா என்கிற பயம், உனக்கு வருகிறதே, அச்சு அசலாக அதே பயம். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பயம் போன பிறகு உட்காரலாம் என்று இருந்திருந்தால் இன்னும் கொல்லைப்புறத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். அது முழுசாகப் போகாது. உட்கார்ந்த பிறகு, நாள்பட, அதைப் பற்றி நினைக்க நேரமில்லாமல் போகும். எனக்குத் தெரிந்த அளவில் அவ்வளவுதான். அன்றைக்கு உன் போனில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். லேபிள் ஜோக்கைச் சொன்னேன்.

சாட்சிகளுக்கான விவரத்தை இன்று காலை நானே டைப் அடித்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் அடித்துவிட்டேன். மணமகளுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். ஆயிரம் பேருக்கு யோசிக்காமல் நிரப்பிய கட்டம் அது. அதில் என் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த உன் அப்பாதான், "தெரிஞ்சவங்கன்னு போடும்மே" என்றார். போட்டேன்.

புதன்கிழமை நானும் அப்பாவும் ஒன்பது மணிக்கே போய்விடுவோம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேறு ஆள் இல்லை. நான் சொன்னதைக் கேட்காமல் நீ வந்து நின்றால் வாசலிலேயே உன்னைத் தடுத்து நிறுத்துகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தக் காட்சியை எனக்கு வைக்காதே. பத்தரைக்குக் கையெழுத்து. அது முடியும் வரைக்கும் என் போனை அணைத்து வைத்திருப்பேன். பதினோரு மணிக்கு மேல் கூப்பிடு. கடையைத் திறக்க மாட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, பேச முடியாவிட்டால் அழு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன், தம்பி. உன்னைச் சிரிக்க வைக்க மாட்டேன்.

அம்மா